பின் சக்கரத்து எலுமிச்சை

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது மாமாவுக்கு ஒரு வண்டி வந்தது. அதில் பொட்டு வைக்க இடமே இல்லை. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஹெட்லைட் இல்லை, கண்ணாடி இல்லை, ஹாரன் இல்லை, சாவி போடும் துவாரம்கூட இல்லை. நிற்பதற்கு ஸ்டாண்டும் இல்லாததால் ஓர் இரும்பு முக்காலியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"ஏன்டா தம்பி, பாதி வண்டியத்தான் குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

மாமா நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் மெக்கானிக். செம்மண் மேடுகளில் தாவும் மோட்டோகிராஸ் பந்தயத்துக்காக ஒரு ரேஸ் டீம் அவருக்கு ஓட்டக் கொடுத்த வண்டி அது. எனக்கு அது பாதியாகத் தெரியவில்லை. சீட்டே என் கழுத்து உயரம். டயர் முழுக்கக் கட்டை கட்டையாக ரப்பர் பற்கள். பறப்பதற்கு வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டார்கள் என்று மாமா சொன்னார். நான் வாயைப் பிளந்து நின்றேன்.

அம்மாவைப் பெற்ற அப்புச்சி அதற்கெல்லாம் மசிகிறவர் அல்ல. "பூசை நல்லபடியா முடிஞ்சா குன்னத்தூர் பந்தயத்துக்குப் போலாம். சகுனம் சரியில்லீன்னா பந்தயமே வேண்டாஞ் சாமி" என்றுவிட்டார். அவர் கிழித்த கோட்டை மாமா தாண்டியதில்லை. மாமாவின் முகம் வாடிப்போனது.

வண்டியை முக்காலியிலிருந்து இறக்கி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாமா பொத்தானை அழுத்தியதும் தெருவே அதிர்ந்தது. வண்டி மெல்ல உருண்டது. அடுத்து அவர் கைப்பிடியை முறுக்கியதுதான் தெரியும், முன் சக்கரம் மேலே எழும்ப, தெருமுனைக்கே போய்விட்டது. எல்லோரும் அங்கே பார்த்தார்கள். நான் கீழே பார்த்தேன். முன் பழம் கூழாகியிருந்தது. பின் பழமோ டயர்ப் பற்களின் சந்தில் தப்பி, கீறல்கூட இல்லாமல் கிடந்தது. நசுங்காத பழம் ஆகாது என்று எனக்கும் தெரியும்.

"பழம் நசுங்குச்சா அம்மிணி?" என்றார் அப்புச்சி, தெருமுனையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா வெறுங்காலால் அதை ஓங்கி மிதித்தாள். சாறு என் பாவாடை வரைக்கும் தெறித்தது.

"நசுங்கிருச்சுங்கப்பா."

பள்ளிக்கூடம் போகும் வழியில் முச்சந்தியில் எலுமிச்சை கிடந்தால் என் கையைப் பிடித்து இழுப்பவள் அவள். மிதித்தால் அடுத்தவர் கண்டம் நம் காலில் ஏறிக்கொள்ளும் என்பாள். அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் ஞாபகம் வரவில்லை. மாமா பறக்கப்போகிறார் என்ற சந்தோஷத்தில் குதித்தேன்.

குன்னத்தூருக்கு வெளியே, காய்ந்த சோளக்காட்டில் பந்தயம். மாமா உட்காரவேயில்லை, நின்றுகொண்டே ஓட்டினார். பெரிய மேட்டின் உச்சியில் வண்டி தரையை விட்டது. நாங்கள் வந்த டெம்போவைக் கீழே நிறுத்தியிருந்தால் அதன் தலைக்கு மேலே போயிருக்கும். இறங்கும்போது எலும்பெல்லாம் நொறுங்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். முன்கால் போலிருந்த இரண்டு குழாய்களும் சாணுக்கு மேலே உள்ளே அமுங்கி, அவ்வளவு அடியையும் தாமே வாங்கிக்கொண்டு எழுந்தன. மாமாவின் ஹெல்மெட் லேசாக ஆடியதோடு சரி.

"பாருங்கம்மா! பாருங்க!" என்று கத்தினேன்.

அம்மா பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுவா இருந்தாலும் எங்கிட்டயே நின்னுக்கட்டும் சாமி" என்று அவள் வாய் முணுமுணுத்தது.

இப்படி ஒரு காட்சியைப் பார்க்காமல் விட்டுவிட்டாளே என்று எனக்கு அவள்மேல் கோபம். அங்கே வந்திருந்தவர்களிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி எங்கம்மாதான் என்று திரும்பும் வழியெல்லாம் மாமாவிடம் சொல்லிச் சிரித்தேன். மாமாவும் சிரித்தார். அம்மாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.