மாளிகையின் மணிப்பலகை

ராசா அண்ணையின் யார்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே அந்த மணிப்பலகை என் கைக்கு வந்தது. இல்ஃபோர்டில் அவருக்கு சால்வேஜ் வியாபாரம். இடிக்கிற வீடுகளின் கதவு, ஃபயர்பிளேஸ், படிக்கட்டு எல்லாவற்றையும் வாங்கித் துப்புரவாக்கி விற்போம்.

பலகை ஸ்கொட்லாந்தில் எப்போதோ இடித்த ஒரு மாளிகையினுடையது. வரிசையாகப் பித்தளை மணிகள்; ஒவ்வொன்றின் கீழும் ஓர் அறையின் பெயர். மேலே எசமானர்கள் கம்பியை இழுத்தால் கீழே குசினியில் மணி அடிக்கும். எந்த அறைக்கு ஓட வேண்டும் என்று வேலைக்காரருக்குத் தெரியும். அதை வாங்கவிருந்த பப் முதலாளி, அறைப் பெயர்களை அழித்துவிட்டு மதுவகைகளின் பெயர்களை எழுதச் சொல்லியிருந்தார்.

நான் சாண்ட்பேப்பரை எடுத்த நேரம், கதவுக் கைப்பிடி தேடி வந்த வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் பலகையின் அறைப் பெயர்களை வாசித்து அப்படியே நின்றுவிட்டார். பெயர் மார்கரெட். அவருடைய தாய் அந்த மாளிகையில்தான் சமையல்காரியாக இருந்தாராம். மார்கரெட் பிறந்ததும் அங்கேதான்.

நான் கதிரை கொண்டுவந்து போட்டேன். மாளிகையின் கதையை அவர் ஆற அமரச் சொன்னார். இரண்டாம் உலக யுத்தத்தில் ஆமி வந்து தங்கியது. குளிருக்குப் படிக்கட்டுக் கைப்பிடிகளைக்கூட எரித்தார்கள். அவர்கள் போன பிறகு கூரை ஒழுகி மரமெல்லாம் உளுத்துப்போனது. கூரை இருந்தால் வரி கட்ட வேண்டும் என்று சொந்தக்காரர் அதையும் கழற்றினார். கடைசியில் சுவர்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது அங்கே ஆடு மேய்கிறதாம்.

கேட்டுக்கொண்டிருந்த ராசா அண்ணை என்னிடம் தமிழில் சொன்னார்: “ஊரில எங்கட வீட்டிலையும் ஆமிதான் இருந்தது. திரும்பிப் போய்ப் பாக்கேக்க கூரை இல்லை.”

அதற்கு முன்னும் பின்னும் அவர் தன் வீட்டைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

மார்கரெட் எழுந்தார். “அம்மா இந்த மணிச் சத்தத்துக்கு ஓடி ஓடியே வயசுபோனவர். எங்களில் ஒருத்தரும் இதை அடிச்சதில்லை. ஒருக்கா அடிக்கலாமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் பலகையைத் தூக்கிப் பிடித்தேன். வரவேற்பறை மணியின் கம்பியை அவர் இழுத்தார். மணி அடித்து ஓய்ந்த பிறகும் அதன் ஸ்பிரிங் ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அவர் வாசல் பக்கமே பார்த்தார்.

“ஒருத்தரும் வரவில்லை,” என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

அவர் போனதும் ராசா அண்ணை, “தம்பி, பேரில கை வைக்காதை. நான் அந்தாளோட கதைக்கிறன்,” என்றார். பப் முதலாளி ஒத்துக்கொள்ளாமல் ஓர்டரை ரத்துச் செய்தார். பலகை எங்கள் ஒஃபிஸ் சுவரில் ஏறியது.

இன்று யார்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் வேலை பழக்குகிறேன். ஒன்றைத் துப்புரவாக்க முதல் அது யாருடைய வீட்டிலிருந்து வந்ததென்று கேளுங்கள் என்பேன். தேய்த்தால் போவதெல்லாம் அழுக்கில்லை.