கெப்புக்குக் குளிர்காற்று, கோழிக்குப் பெட்டி

பழுதான வாகனத்தோடு வருபவரைச் சமாளித்துவிடலாம். நன்றாக ஓடும் வாகனத்தை இன்னும் நன்றாக்க வருபவர்தான் கராஜ்காரனுக்கு வாய்த்த சோதனை. கல்முனையில் கராஜ் வைத்திருக்கும் எனக்கு அப்படி வாய்த்தவர் நாஸர். இதே தொழிலில் கிடந்து அல்லாடும் நண்பர்களே, உங்களுக்கும் ஒரு நாஸர் இருப்பார்.

சத்தமே சாட்சி

நாஸர் கடற்கரை ஊரான சாய்ந்தமருதில் பிறந்தவர். சம்மாந்துறையில் கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டோடு போய்விட்டார். கடற்கரைக் கூட்டாளிமாரை மட்டும் விடவில்லை. நெல் ஏற்ற மாமனார் கொடுத்த கெப் வாகனத்தில், இணையத்தில் வாங்கிய 'கோல்ட் எயார் இன்டேக்' ஒன்றோடு, அதாவது எஞ்சினுக்குக் குளிர்காற்று ஊட்டி இழுவை கூட்டும் என்று விற்கிற குழாயோடு, வந்து நின்றார். பளபளக்கும் குழாய், முனையில் சிவப்பு ஃபில்டர். "கம்பனிக்காரன் வைத்த கறுப்பு ஃபில்டர் பெட்டி வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. இது பொனட்டுக்குள் கிடந்து எஞ்சின் சூட்டையல்லவா குடிக்கும்?" என்று விளக்கினேன். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். பெட்டியைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, குழாயைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்சின் உறுமியது. என்னை அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடும் நாஸரின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"இந்தச் சத்தத்துக்கு இழுவ இல்லாம இரிக்குமா நானா?"

மூட்டையின் குற்றம்

அடுத்த வாரமே "பறக்குது" என்று வந்தார். நம்ப முடியாமல், நாவிதன்வெளிக்கு நெல் ஏற்றப் போனபோது நானும் கூட ஏறிக்கொண்டேன். மூட்டைகளோடு கெப் பழையபடியேதான் முக்கியது. ஒரு ட்ரெக்டர் எங்களை முந்திக்கொண்டு போனது. ஓட்டியவர் கையும் காட்டினார். 'அப்போதே சொன்னேனே' என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, நானும் பதிலுக்குக் கை காட்டினேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

"நெல்ல இறக்கிப் போட்டுப் பாருங்க நானா, அப்பதான் இதுட அரும விளங்கும்."

மாமியின் தேத்தண்ணி

அப்படியே நாஸரின் மாமனார் வீட்டுக்குப் போனோம். நாங்கள் இறங்கும்போதே தேத்தண்ணி மேசைக்கு வந்துவிட்டது. முன்பெல்லாம் மருமகன் திடீரென்று வந்து நிற்க, மாமி அடுப்படிக்கு ஓடுவாராம். இப்போது அந்த ஓட்டம் இல்லை. குழாயைப் பூட்டியவன் நான்தான் என்று தெரிந்ததும் எனக்கென்று இனிப்பான வட்டிலப்பமும் வந்தது.

"சந்தியில திரும்பக்குள்ளேயே எனக்குக் கேட்டிரும். மத்த மருமகன்மாருக்கும் ஒண்டு பூட்டிக் குடுங்க தம்பி."

அடை கிடந்த பெட்டி

வெள்ளாமை வெட்டுத் தொடங்கியது. வெட்டு மெசினுக்குப் பின்னால் அலைந்த கெப், வயல் தூசையும் பதரையும் சிவப்பு ஃபில்டர் நிறைய வாங்கிக்கொண்டு இருமியது. நாஸர் பதறிப்போய் வந்தார். தூசு உள்ளே போய் எஞ்சின் கெட்டால் மாமனாரின் கெப் போச்சு; பெண் வீட்டில் அவருக்கிருந்த மரியாதையும் போச்சு. மாமனார் அறியுமுன் பழைய பெட்டியைப் பூட்டிவிடலாம், கொண்டு வாருங்கள் என்றேன். தலையைத் தொங்கப் போட்டார். பெட்டியின் அடிப்பாதியில் வைக்கோலைப் போட்டு மாமி கோழியை அடை வைத்துவிட்டாராம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"கைய நீட்டினா கோழி கொத்துது. கோழியத் தூக்கினா மாமி ஏனெண்டு கேப்பா. நான் என்னெண்டு செல்ற நானா?"

மாமனாரின் கவலை

மறுநாள் காலையில் மாமனாரே கெப்பை ஓட்டி வந்தார். பக்கத்து சீட்டில் கறுப்புப் பெட்டி. பின்சீட்டில் நாஸர். கெப் இருமியது மாமனாரின் காதுக்கும் எட்டிவிட்டது. கோழியை ஓலைக் கடகத்துக்கு மாற்றியவரும் அவர்தான். நாஸருக்கு நல்ல ஏச்சு விழும் என்று நினைத்தேன். மனுஷன் பெட்டியை என் கையில் தந்தார். பெட்டியைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணியபோது எஞ்சின் முன்போல அமைதியாக ஓடியது. நாஸருக்கு உயிர் வந்தது. மாமனாரின் முகம்தான் வாடிப்போனது. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கெப் வயலுக்குப் போகுதா, கடற்கரப் பக்கம் திரும்புதா எண்டு நான் வீட்ட இருந்தே அறிஞ்சிருவன். இனி என்ன செய்ற? சத்தம் வாற வேறெதும் சாமான் இருந்தா பூட்டி விடு மனே."

ஆகவே, இந்தக் குளிர்காற்றுக் குழாயால் பிரயோசனம் உண்டா என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் உண்டென்றே சொல்கிறேன்: வாகனத்துக்கல்ல, மாமனாருக்கு.