டாக்டர் முன்னால் சொட்டக் கூடாது

சிங்கப்பூரின் மேற்கே சுவா சூ காங்கிலிருந்து கிழக்குக் கோடியில் இருக்கும் சாங்கிக்கு வேலைக்குப் போகும் வழியில், எந்த ரயில் நிலையத்தில் கழிவறை எந்தப் பக்கம் என்று இரண்டு வருடம் மனப்பாடமாக வைத்திருந்தேன். சிறுநீர் போகும்போது எரிச்சல், அது ஒரு பக்கம். போய்விட்டு எழுந்து நடந்ததும் மறுபடி சொட்டும். அதுதான் மானத்தை வாங்கியது. அலுவலகத்தில் எல்லாரும் வெளிர் நிறத்தில் கால்சட்டை போட, நான் மட்டும் எப்போதும் கறுப்பு.

"உடம்புச் சூடு லா," என்றார் என் கணவர். எனக்குக் கோபம் வந்தாலும் அவருக்கு அது சூடுதான். தேக்கா சந்தையில் பார்லி வாங்கிவந்து பானை பானையாகக் காய்ச்சிக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு இன்னும் நான்கு முறை கூடுதலாக ஓடினேன்.

கிளினிக்கில் கிருமித் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாள் அடங்கும், திரும்ப வரும். மருத்துவமனையில் இரண்டு முறை பரிசோதித்தும் கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. எல்லாம் என் கற்பனைதானோ என்று பயந்தேன். வலியைவிட அந்தப் பயம் மோசம்.

மூன்றாவது முறை பார்த்தவர் ஒரு பெண் மருத்துவர், தமிழர்.

"இங்க வர்றதுக்கு முன்னால என்ன பண்ணீங்க?"

"குளிச்சேன். டாய்லெட் போனேன். அப்புறம் விரலால அழுத்தி மிச்சத்தையும் எடுத்துட்டு, நல்லா கழுவிட்டு வந்தேன். உங்க முன்னால சொட்டக் கூடாதுல்ல?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னங்க நீங்க! திருடனைப் பின்வாசல் வழியா அனுப்பிட்டு போலீசைக் கூப்பிடுறீங்களே. அடுத்த வாரம் அழுத்தாம, கழுவாம, அப்படியே வாங்க."

அப்படியே போனேன். குளிக்காமல் கோயிலுக்குள் நுழைந்ததுபோல் கூசியது. அவர் விரல் வைத்து அழுத்தியதும் சீழோடு சொட்டியது. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"ஆள் கிடைச்சாச்சு!"

எம்ஆர்ஐ படத்தில் காட்டினார். மூத்திரக் குழாயை ஒட்டி, நெல்லிக்காய் அளவில் ஒரு பை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு, நான் எழுந்ததும் விட்டிருக்கிறது. இரண்டு வருடமாக நான் பொய் சொல்லவில்லை என்பதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

பிறப்புறுப்பு வழியாகவே பையை வெட்டி எடுத்து, குழாயை அடுக்கடுக்காகத் தைத்தார்கள். தையல் சரியாகக் கூடாவிட்டால் சொட்டு நிற்காமலே போகலாம் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். அது கூடும்வரை, மூன்று வாரம், சிறுநீர் போக ஒரு டியூபும் காலில் கட்டிய பிளாஸ்டிக் பையும். அந்த மூன்று வாரமும் நான் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். கணவர் பார்லிப் பக்கமே போகவில்லை.

டியூபை எடுத்த அன்று மருத்துவமனைக் கழிவறைக்குப் போனேன். முடித்தேன். எழுந்து நின்றேன். நடந்தேன். காத்திருந்தேன்.

"என்ன, வந்துச்சா?" கதவுக்கு வெளியே கணவர், ஊருக்கே கேட்கும்படி.

"வந்துச்சு," என்றேன். அழுகையில் குரல் உடைந்தது. "சொட்டுறது நின்னுடுச்சுங்க."