லாபம் என்று எண்ணியவர்

அழகர்சாமி ஊசலை எண்ணும்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நூலில் தொங்கும் பித்தளைக் குண்டு இடமும் வலமும் போய்வர, அவர் கண்களும் கூடவே போய்வரும். மதிய வேளையில் அவர் ஆய்வுக்கூடத்தில் நிற்கிறாரா, மண்ணச்சநல்லூர்க் களத்தில் நிற்கிறாரா என்று சொல்ல முடியாது. "ஆட்டம் சின்னதாகிட்டே போவுது சார், எடுக்கிற நேரம் மட்டும் அப்படியே இருக்கு" என்று அதிசயப்படுவார். பௌதிகம் படித்த எனக்கு அந்த அதிசயம் என்றைக்கோ செத்துப்போயிருந்தது. அவர்மேல் எனக்குப் பொறாமை.

1958இல் திருச்சிக் கல்லூரி ஒன்றில் நான் டெமான்ஸ்ட்ரேட்டர். அவர் தற்காலிக அட்டெண்டர். அதற்குமுன் ரைஸ்மில்லில் நெல் அளந்தவர். மாணவர்கள் ஸ்டாப் வாட்சைப் பிடிக்க, இருபது ஆட்டம் எண்ணிச் சொல்வது அவர் வேலை.

அந்த ஆண்டு புவியீர்ப்புக் கணக்கு எல்லா நோட்டிலும் 978க்குப் பதில் 1083 என்று வந்தது. புரொபசர் அற்புதசாமி குதித்தார்.

"திருச்சியில மட்டும் பூமி இந்த இழுப்பா இழுக்குது?"

நான் பக்கத்தில் நின்று கவனித்தேன். குண்டு நடுவைக் கடந்து வாட்ச் ஓடத் தொடங்கிய அந்த நொடியே அழகர்சாமி "லாபம்" என்றார். ஓர் ஆட்டம் முடிந்ததும் "ரெண்டு". நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். அங்கே மரக்காலில் நெல் இருக்கும். இங்கே இன்னும் எதுவும் நடக்கவில்லை. அவர் இருபது என்று நிறுத்தும்போது குண்டு ஆடியிருந்தது பத்தொன்பது முறைதான்.

"வெள்ளிக்கிழமை என் முன்னால எண்ணட்டும். சரியா வந்தா வேலை நிரந்தரம், இல்லேன்னா மில்லுக்கே போகட்டும்" என்றார் புரொபசர்.

"பூஜ்யம்னு ஆரம்பிங்க, போதும்" என்று அழகர்சாமியிடம் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்தது. "அந்த வார்த்தை மட்டும் வேணாம் சார்."

வீட்டில் மனைவி அமிர்தம் நிறைமாதம். முன்பு இரண்டு பிள்ளைகள் பிறக்கும்போதே இறந்துவிட்டன. இந்த வேலையை நம்பித்தான் இம்முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க இருந்தார். அது தெரிந்தும், "பிடிவாதம் சோறு போடுமா?" என்று கத்திவிட்டேன். இன்றும் உறுத்துகிறது.

வெள்ளிக்கிழமை குண்டை விட்டார். வாட்ச் ஓடியது. அவர் வாயைத் திறக்கவில்லை. போச்சு என்று நினைத்தேன். குண்டு ஒரு கோடிக்குப் போனது, மறுகோடிக்குப் போனது, சாவகாசமாகத் திரும்பி நடுவைக் கடந்தது. அப்போதுதான் "லாபம்" என்றார்.

கணக்கு 978 வந்தது.

புரொபசர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏன்யா, முதல்ல வாயே திறக்கலை?"

"முன்னால ரெண்டு தடவை, பிள்ளை வர்றதுக்கு முந்தியே லாபம்னு எண்ணிட்டேங்க" என்றார் அழகர்சாமி. "இனிமே வந்தப்புறம்தான்."