செயற்கைக் கடலுக்கு 352 கிலோமீற்றர்

டிக்கட் கவுண்டரில் நான் கேட்டது இதுதான்: "பெரியாக்கள் மூணு, சின்னப்புள்ள ஒண்டு."

உள்ளே இருந்த பெண் எட்டிப் பார்த்து, "பிள்ளை எங்க ஐயா?" என்றார். எனக்குப் பின்னால் ஆறடி உயரத்தில், தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக என் மகன் நின்றான். வயது இருபத்தாறு. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறான். "வாப்பா, அரை டிக்கட்டுக்கு நான் முட்டுக்கால்ல நிக்கணுமா?" என்று கேட்டான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் ஏமாற்ற நினைக்கவில்லை. எங்கே போனாலும் அப்படிக் கேட்டுக் கேட்டு வாய்க்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அவனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது இப்படி ஒரு தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். பிறகு ஹாட்வெயார் கடையைப் பெரிதாக்கினேன், வீட்டுக்கு ஓடு போட்டேன், நாட்டிலும் ஏதேதோ நடந்தது. பதினேழு வருடம் போனது எனக்கே தெரியவில்லை. இந்த ஆகஸ்ட் விடுமுறையில் திடீரென்று புறப்பட்டதற்குக் காரணம், வருகிற மாதம் அவனுக்குக் கலியாணம்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் கரையோர ஊர்களில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். நானும் இருபத்தெட்டு வருடத்துக்கு முன் ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு மருதமுனையிலிருந்து கல்முனைக்கு அப்படி வந்தவன்தான். அன்றைக்கு என் உம்மா வாசலில் நின்று என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு யோசனை வந்தது இந்த வருடம்தான். எங்களுக்கு மகள் கிடையாது, இவன் ஒருவன்தான். அவன் பெண்ணின் ஊரான நிந்தவூருக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் மனைவியும் மட்டும். மூன்று பேராக ஒரு பயணம் போவதென்றால் இப்போது போனால்தான் உண்டு.

வேன், மனைவியின் தம்பி ஜவ்பருடையது. நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிறான், வேலையில்லாத நாட்களில் வேன் ஓட்டுகிறான். செவ்வாய்க்கிழமை காலை 5.15க்குப் புறப்பட்டோம். சம்மாந்துறை, அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை வழி. வெல்லவாயவில் 8.40க்குக் காலைச் சாப்பாடு. பலாங்கொடையில் லுஹர் தொழுதுவிட்டு மதியச் சாப்பாடு. கொழும்புக்கு இந்தப் பக்கம் பூங்கா உள்ள ஊருக்கு மாலை 3.50க்குப் போய்ச் சேர்ந்தோம். வேன் மீட்டரில் 352 கிலோமீற்றர். நான்கு பேருக்கு ஓர் அறை 9,500 ரூபாய். அடுத்த நாள் காலை ஒன்பதுக்குப் பூங்கா வாசல், ஆளுக்கு 3,000.

உள்ளே பார்த்ததைவிடக் கேட்டதுதான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது. வாசலுக்கு அருகே தலையாட்டிக் கத்தும் டைனோசர்கள். அக்கரைப்பற்றிலிருந்து பஸ்ஸில் வந்த கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "இதுகள் எந்த நாட்டுல இரிந்து கொண்டாந்த?"

"சீனா" என்றார் கூட வந்தவர்.

"அங்க இன்னும் உசிரோட இரிக்கா?"

"அங்க இல்லாத சாமானா?"

பனி அறைக்குள் ஒரு மீன் முதலாளி. குனிந்து ஒரு பிடி அள்ளினார், மோந்தார், தீர்ப்புச் சொன்னார்: "மீனுக்குப் போடுற ஐஸ்தான். மெசின்ல சீவியிரிக்கான். இதுக்கு இம்புட்டுத் தூரம் வந்த நேரத்துக்கு நம்மட மீன் வாடியிலேயே நிண்டிரிக்கலாம்." அவர் மனைவியோ பல் கிட்டக் கிட்டப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. டியூபில் படுத்து மிதந்து சுற்றிவரும் வாய்க்கால் ஒன்று உண்டு. ஜவ்பர் மிதக்கவில்லை. கரையில் நின்று காவலாளியிடம் விசாரணை நடத்தினான். "இது எந்தக் குளத்துத் தண்ணி தம்பி? இதுக்கு வட்டவிதானை ஆரு?" வட்டவிதானை என்றால் எங்கள் பக்கம் வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் பங்கிடுகிறவர். மோட்டார்தான் சுற்றுகிறது என்று காவலாளி விளக்கினார். ஜவ்பருக்கு மனசு ஆறவில்லை. "மச்சான், இவ்வளவு தண்ணியும் ஒரு நெல்லையும் காணாமச் சும்மா சுத்துது, பாருங்க" என்று என்னிடம் வந்து கவலைப்பட்டான்.

பேய் வீட்டில் ஒரு மனிதர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஆயத்துல் குர்ஸி வசனத்தைச் சத்தமாக ஓத, வெள்ளை உடுப்புப் பேய் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டு, "மெதுவாப் போங்க ஹாஜியார், படி இரிக்கி" என்று சொல்லியிருக்கிறது. அந்த மனிதர் நான்தான்.

மதியம் இரண்டரைக்கு அலைக்குளம். கடலிலிருந்து அரை மைல் தள்ளி வீடு வைத்திருக்கும் நாங்கள் 352 கிலோமீற்றர் வந்து சிமெந்துக் கடலில் இறங்கினோம். உப்பு இருக்கிறதா என்று யாரும் பார்க்காத நேரத்தில் நாக்கில் வைத்துப் பார்த்தேன். குளோரின்தான்.

தண்ணீர் சும்மா கிடந்தது. திடீரென்று சைரன் ஊதியது. அலை வரப்போகிறது, விளையாட வாருங்கள் என்பதற்கான சைரன். சுற்றிலும் இருந்தவர்கள் கூச்சல் போட்டு ஆழத்தை நோக்கி ஓடினார்கள். என் மனைவி மட்டும் மறுபக்கம் ஓடினாள். மகனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஈர உடுப்போடு, படிகளில் ஏறி, மேலே சாப்பாட்டுக் கடை வரைக்கும் போய்த்தான் நின்றாள். அவனும் கூடவே ஓடினான். "எவ்வளவு பெரிய ஆம்புளயப் புடிச்சி இழுத்துட்டு ஓடுறா!" என்று யாரோ சிரித்தார்கள்.

கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் அவனுக்கு ஐந்து வயது. அன்றும் பிடித்தது அதே கைதான். இதற்கு மேல் விளக்கம் எழுதப் போவதில்லை.

கொஞ்சம் மூச்சு வாங்கியபின் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வெக்கமாப் போச்சி மகன்" என்றாள். "உங்கட ஓட்டத்துக்கு மெடல் குடுக்கணும் உம்மா" என்று சொல்லிவிட்டு அவன் ஐஸ்கிறீம் வாங்கப் போனான். நாங்கள் இருவரும் ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஹட்டனிலிருந்து பிள்ளைகளோடு வந்த ஓர் அக்கா. பேச்சுக் கொடுத்தார். ஒரே மகன் என்றும், வருகிற மாதம் கலியாணம் என்றும் மனைவி சொன்னாள்.

"அப்படியா, ரொம்ப நல்லது! இனி ஒங்களுக்கு என்ன கொற? வீட்டுக்கு ஒரு மக வரப்போகுது. அடுப்படி வேலயில பாதி கொறஞ்சிரும். ராவானா பேச்சுத்துணைக்கும் ஆளாச்சு" என்றார் அந்த அக்கா.

அன்று முழுக்க நாங்கள் மற்றவர்களின் பிழையைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தவர்கள். இதைத் திருத்த ஒரே ஒரு வசனம் போதும். மனைவி அலைக்குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஓம்" என்றாள். "மருமகளுக்கு மேல் அறையத்தான் குடுக்கிற எண்ணம். அங்கதான் காத்து வாறது."

எங்கள் வீட்டில் மேல் அறை உண்டு. அது மகனின் அறை.

ஐஸ்கிறீமோடு வந்தவனையும் அந்த அக்கா விடவில்லை. "தம்பி, மேல் அறைய ஒங்களுக்குத்தான் அம்மா ரெடி பண்றாங்களாம். கல்யாணம் ஆனாலும் அம்மாவ நல்லாப் பாத்துக்கணும், என்ன?" மகன் உம்மாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் ஐஸ்கிறீம் கடதாசியைப் பிரிப்பதில் மும்முரமானேன். "ஓம் அக்கா" என்றான் அவன். "அந்த அறைக்கு ஒரு புது ஃபேனும் போடணும்."

மூன்று பேரும் அந்த அக்காவிடம் பொய் சொல்லிவிட்டோம். ஐஸ்கிறீம் முடியும் வரைக்கும் மருமகள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

"எங்கட வழமைய அவக்கு வெளங்கப்படுத்த நேரம் எங்க?" என்று வேனுக்குப் போகும்போது மனைவி சொன்னாள். அந்த வாங்கில் நாற்பது நிமிடம் இருந்திருப்போம்.

போக நினைப்பவர்களுக்கு: வார நாளில் போங்கள். தண்ணீருக்குள் பருத்தி உடுப்போடு விடமாட்டார்கள். பெண்களுக்கு முழு நீள நைலோன் உடுப்பை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே இரட்டை விலை. வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது. சோறும் கோழியும் 950. சறுக்குகளைப் பதினொரு மணிக்குள் முடியுங்கள், பிறகு வரிசைதான். தொழுவதற்கு வாகனத் தரிப்பிடத்தின் பின்னால் ஓர் அறை இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். போய்வர டீசல் 22,500 ஆனது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒன்று கூடுதலாக: சைரன் ஊதும் என்று வீட்டுப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லியிருக்க வேண்டும்.

வியாழன் காலை 6.30க்கு ஊருக்குத் திரும்பப் புறப்பட்டோம். கடற்கரையோடு வரலாம் என்று ஜவ்பர் சியம்பலாண்டுவவிலிருந்து பொத்துவில் வழியைப் பிடித்தான். இருபத்தைந்து கிலோமீற்றர் கூட, ஆனால் பாதை நல்லது. நிந்தவூரை அடைய மாலை 4.20. பெண் வீடு பிரதான வீதியில்தான். மதிலுக்கு இளம்பச்சை அடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கம்பிகளோடு ஒரு புது கேட் சுவரில் சாய்ந்து கிடந்தது.

ஜவ்பர் வேனை நிறுத்தப் போகிறவன் போல ஓரங்கட்டினான். "மருமகன், இஞ்சயே இறங்குறீங்களா? மிச்ச ஆக்கள நான் கொண்டுபோய் உடுறன்."

"இன்னும் ஒரு மாசம் இரிக்கி மாமா, வேன எடுங்க" என்றான் மகன். மனைவி முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"கெதியாப் போனாத்தான் அசர் தொழுகைக்குச் சரி" என்று ஜவ்பர் வேகத்தைக் கூட்டினான். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு ஒன்பது கிலோமீற்றர், பதினைந்து நிமிடம். பின் ஆசனத்தில் மகன் உம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கத் தொடங்கியிருந்தான்.

"கொஞ்சம் மெல்லப் போ, மச்சான்" என்பது என் வாய்வரை வந்தது.