அனுசியாக்கா திறந்த லேப்டாப்

"இது பானை இல்லம்மா, ஒடைஞ்சா இன்னொண்ணு வனைஞ்சுக்கலாம்னு நெனைக்க" என்றார் பூவராகவன் சார்.

அந்தப் பேச்சு அங்கே ஆரம்பிக்கவில்லை. 1998-இல், விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் மாடியில் அவர் நடத்திவந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அனுசியாக்கா துணிப்பையில் ஒரு லேப்டாப்பைச் சுமந்துகொண்டு படியேறி வந்தார். அதில் மெமரியும் ஹார்ட் டிஸ்கும் போதவில்லை, இரண்டையும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். சார் முதலில் அது யாருடையது என்று கேட்டார். என்னுடையதுதான், தம்பி விமல்ராஜ் சிங்கப்பூரில் வேலைசெய்த இடத்தில் பழையது என்று ஒதுக்கியதை வாங்கிக் கொடுத்தான் என்றார் அக்கா. புது மெமரி அட்டை, ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் ஃபிளாப்பிகள் எல்லாவற்றையும் ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் அவன் கொடுத்தனுப்பியிருந்தான். பொருத்த ஆள்தான் இல்லை.

இந்த ஊரில் லேப்டாப்பை யாரும் திறப்பதில்லை, வைத்துவிட்டுப் போனால் மெட்ராஸுக்கு அனுப்புகிறேன், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் சார். திங்கட்கிழமை ராஜாராமன் முதலாளியிடம் கேட்லாக் பக்கங்களைக் காட்டியாக வேண்டும் என்றார் அக்கா. அதற்கென்ன, அந்த வேலையை இங்கே கொடு, என் மெஷினில் அடித்துத் தருகிறேன் என்று சார் சிரித்தார். அப்படியானால் நானே திறந்து பார்க்கிறேன் என்றார் அக்கா. அப்போதுதான் அந்தப் பானைப் பேச்சு வந்தது. அக்காவின் வீட்டார் பானை வனைகிறவர்கள் என்பது அவருக்குத் தெரியும். வகுப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பானை வனையறதும் அவ்வளோ சுலுவு இல்லண்ணே" என்றார் அக்கா. "நீங்க ஒண்ணு வனைஞ்சு காட்டுங்க. நான் இதை இங்கயே வச்சிட்டுப் போறேன்."

"தொறந்து ஏதாவது ஆச்சுன்னா இங்க எடுத்துக்கிட்டு வராத. நான் தொட மாட்டேன்."

"கொண்டாரலண்ணே. போயிட்டு வரேன்."

வகுப்பு முடிந்து நான் இறங்கியபோது அக்கா கீழே நின்றுகொண்டிருந்தார். என் அம்மா ஆசிரியை. அவருடைய பள்ளிக்கூடக் கேள்வித்தாள்களை அடித்துக் கொடுப்பது அக்காதான் என்பதால் என்னைத் தெரியும். லேப்டாப்போடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துச் சொல்கிறாயா என்று கேட்டார். சரி என்றேன். அவருக்கு இங்கிலீஷில் டைப் அடிக்க வரும். ஆனால் படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம், அந்தப் புத்தகத்திலோ பக்கத்துக்குப் பக்கம் எச்சரிக்கை வாக்கியங்களாகவே இருந்தன.

அனுசியாக்கா பதினாறு வயதில் பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போனவர். கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றிப் பொம்மையும் ஜாடியும் வார்க்கும் பிரிவில் பதினைந்து வருஷம் இருந்தார். சாயங்காலங்களில் டைப்ரைட்டிங் படித்து ஹையர் பாஸ் செய்தார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், வேலையை விடச் சொல்லாத மாப்பிள்ளை இருந்தால் சொல்லுங்கள் என்றார். யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு வரவில்லை. லேப்டாப் வந்ததும் கம்பெனியிலிருந்து நின்றுவிட்டு, வீட்டிலேயே மனுக்களும் கல்யாணப் பத்திரிகைகளும் அடிக்க ஆரம்பித்தார்.

ராஜாராமன், அக்கா முன்பு வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி. ஒரு கண்காட்சிக்காகத் தமிழிலும் இங்கிலீஷிலும் படத்தோடு கேட்லாக் போட நினைத்தார். அந்த வேலை அக்காவுக்குக் கிடைத்தால் மற்ற கம்பெனிக்காரர்களும் தேடி வருவார்கள். கிடைக்காவிட்டால் மறுபடி வார்ப்புப் பிரிவுக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஆனால் பொம்மைப் படம் ஒன்றைத் திறந்து பக்கத்தில் தமிழில் ஒரு வரி அடித்தால் அந்த லேப்டாப் அப்படியே நின்றுவிடும். திரையில் மணல் கடிகாரம் மட்டும் இருக்கும். திங்கட்கிழமை முதலாளி முன்னால் அது நின்றால் வேலை கடலூர் அச்சகத்துக்குப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது, அடித்து வைத்திருந்ததையும் படங்களையும் தமிழ் எழுத்துருக்களையும் ஃபிளாப்பிகளில் ஏற்றி முடித்திருந்தார். மேஜைமேல் வெள்ளை வேட்டி விரித்திருந்தது. வாட்ச் கடையில் இரவல் வாங்கிய சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்று, திருகாணிகளைப் போட ஒரு பீங்கான் சாஸர். அவருடைய அப்பா நல்லமுத்து, சூளையில் சாமான் அடுக்குகிறவர், கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். பேட்டரியைக் கழற்றினார். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க ஏதாவது இரும்பைத் தொட வேண்டும் என்றேன். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கரண்டு மெஷின்ல இருக்குதா, ஒன்கிட்ட இருக்குதா?" என்றார் நல்லமுத்து. "இவ்ளோ நாளு தெரியாம ஒன்னைத் தொட்டு எழுப்பிக்கிட்டு இருந்தேன்."

அடுத்த வரி, கை சுத்தமாக, ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும் என்றது. அக்கா எழுந்துபோய் முகத்துக்குப் போடும் பவுடரைக் கையில் கொட்டித் தேய்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. வார்ப்புப் பிரிவில் எல்லோரும் செய்வது அதுதான். சுடாத பச்சைச் சாமானை ஈரக்கையால் எடுத்தால் விரல் பதிந்துவிடும். எடுக்கும் முன் கையில் வெள்ளைப் பொடியைத் தட்டிக்கொள்வார்கள்.

ஹார்ட் டிஸ்க் முதலில். தகரத் தட்டோடு பழையது வழுக்கிக்கொண்டு வந்தது. தட்டைக் கழற்றிப் புதியதற்கு மாட்டினார். ஊசி ஊசியாக இருந்த முனைகள் ஒன்றும் வளையாமல் அது உள்ளே போய் உட்கார்ந்தது. பிறகு அடிப்பக்க மூடியைத் திறந்து மெமரி அட்டையைச் சாய்வாகச் செருகி, மெதுவாக அழுத்தினார். இரண்டு பக்கக் கொக்கிகளும் 'டக்' என்று பிடித்தன.

சுவிட்சைப் போட்டதும் திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளே இருந்து 'பீப்' சத்தம் மட்டும் வந்தது. அணைத்துப் போட்டாலும் அதேதான்.

நல்லமுத்து எழுந்து நின்றுவிட்டார். அந்தச் சாரு வூட்டுக்கு இப்பவே போவோம், நானே அவரிடம் கேட்டுக்கொள்கிறேன், வயசில் பெரியவன் நான் கேட்டால் செய்வார் என்றார். நானும் போய்விடலாம் என்றுதான் சொன்னேன். அக்கா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

"சூளையிலேர்ந்து சாமான் கொப்புளமா வந்தா மொதல்ல எதைப் பாப்ப, நீ?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"கடைசியா கை வச்சவன் யாருன்னு பாப்பேன்."

அக்கா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேட்டரியைக் கழற்றி, முழங்கை வரை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு அட்டையை வெளியே எடுத்தார். அதன் விளிம்பில் வரிசையாக இருந்த தங்கநிறப் பற்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பவுடர் ஒட்டியிருந்தது.

பொம்மைக்குக் கண் எழுதும் தூரிகை ஒன்று அவரிடம் இருந்தது. காய்ந்த தூரிகையால் செருகும் பள்ளத்தைத் தட்டித் தட்டி எடுத்தார். என் பையிலிருந்த ரப்பரை வாங்கிப் பற்களைத் துடைத்து, தூளை ஊதாமல் தூரிகையாலேயே தள்ளினார். மறுபடி செருகியபோது விளிம்பை மட்டும்தான் பிடித்தார்.

திரை வெளிச்சமானது. மேல்மூலையில் மெமரியின் எண்கள் ஓட ஆரம்பித்தன. முன்பு இருந்த எட்டு எம்பியைத் தாண்டின, நிற்கவில்லை, இருபத்து நான்கில் போய் நின்றன. நல்லமுத்து அதை என்னிடம் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். அக்கா முதல் ஃபிளாப்பியைச் செருகினார். விண்டோஸ் முழுக்க ஏறியபோது வெயில் தாழ்ந்திருந்தது.

மறுநாள் கம்பெனி ஆபீஸுக்கு நானும் போனேன். இங்கிலீஷ் பக்கங்களில் பிழை பார்த்தது நான் என்பதால் அக்கா வரச் சொல்லியிருந்தார். பொம்மைப் படம் திறந்தது, பக்கத்தில் தமிழ், அதன் கீழே இங்கிலீஷ், எதுவும் நிற்கவில்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். முன்பு ஒரு தடவை காட்டியபோது இழுத்துக்கொண்டு கிடந்ததே, உன் தம்பி வந்து சரிசெய்தாரா என்று கேட்டார்.

கூட வந்திருந்த நல்லமுத்து முந்திக்கொண்டு, ஆமாங்க, மெட்ராஸ்லேர்ந்து ஒரு ஆளு வந்தாரு என்றார். மகளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார்.

"இல்லீங்க. நான்தான் தொறந்து மாத்தினேன்" என்றார் அக்கா.

முதலாளியின் முகம் மாறியது. நடுவில் கெட்டுப்போனால் கண்காட்சி போய்விடுமே, அப்போது யாரைத் தேடுவது என்றார்.

"யாரையும் தேட வேணாங்க. தொறந்தது நான், பாக்கறதும் நான்."

அவர் நெடுநேரம் பக்கங்களைப் புரட்டச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் வேலையைக் கொடுத்தார். ஆனால் இங்கிலீஷ் பக்கங்களைக் கடலூரில் ஒருவர் சரிபார்ப்பார் என்றார். பார்க்கட்டும், தப்பு இருந்தால் என்னிடமே சொல்லச் சொல்லுங்கள், நான் திருத்துகிறேன் என்றார் அக்கா. வெளியே வந்ததும் அப்பாவை விட்டுவிட்டு முன்னால் நடந்தார். நல்லமுத்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

கேட்லாக் அச்சாகி வந்தபோது அக்காவின் பெயர் ஊரில் கொஞ்சம் பரவியது. பரவப் பரவ, கதை மாறிவிட்டது. மெட்ராஸ் ஆள் வந்தார் என்று சிலர் சொன்னார்கள். பூவராகவன் சார் வகுப்பிலேயே, நான்தான் அந்தப் பெண்ணுக்கு எதை எப்படிக் கழற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்பினேன் என்றார். நான் மூன்றாவது மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் அம்மாவின் கேள்வித்தாளோடு போனபோது அதை அக்காவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்து, சேமித்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அவரு மறுபடியும் சொல்லுவாரு, ஸ்மிருதி. அப்ப நான் அங்க இருக்க மாட்டேன், நீ இருப்ப. எழுந்து நின்னு, இல்ல சார், அவங்களேதான் தொறந்தாங்க, நான் கூட இருந்தேன்னு சத்தமா சொல்லு. எனக்காக இது ஒண்ணு செய்."