தொட்டிக்குள் போன கை

மாதேஸ்வரி அக்கா எங்கள் பக்கத்து போர்ஷனில் குடியிருக்கிறார். உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு ரோஜா பண்ணையில் வேலை. பறித்து வரும் பூக்களை நீளம் பார்த்துப் பிரித்து, முள் தட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாக்குவது அவர் வேலை. காலையில் பண்ணை வேன் வரும். சாயங்காலம் அதே வேன் கொண்டுவந்து விடும். கணவர் ராஜேஷ்குமார் சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறார்; அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது அக்கா, "எழுது. ஆனா நான் பயந்தத விட்டுட்டு எழுதாத" என்றார்.

போன வருடம் அவருக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. இந்த வருடம் மறுபடி தங்கியது. அன்றிலிருந்து சந்தோஷப்படக்கூட அக்காவுக்குப் பயம். படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்குவார். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒரு மீன்தொட்டி இருந்திருக்கிறது. உள்ளே மீனைவிடச் செடிதான் அதிகம். தண்ணீருக்குள் புல்தரை மாதிரி இருந்ததாம். பெயர் கூப்பிடும் வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கிற நேரம் மட்டும் நெஞ்சு படபடக்கவில்லை என்றார். அப்படித்தான் வீட்டிலும் ஒரு தொட்டி வைக்கிற ஆசை வந்தது.

ஓசூரில் எல்லப்பன் என்பவரின் மீன் கடையிலிருந்து மாமா ஒரு சின்னத் தொட்டி வாங்கி வந்தார். கூடவே விளக்கு, பில்டர், ஈரக் காகிதத்தில் சுற்றிய செடிகள். அடியில் மண் போட்டு, மேலே கழுவிய மணலைப் பரப்பி, செடி நட்டு, சில வாரம் சும்மா விட வேண்டும், அதன் பிறகுதான் உயிர் எதையும் விட வேண்டும் என்று எல்லப்பன் சொல்லி அனுப்பியிருந்தார். எந்த மண் என்று சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரிந்து ரோஜா பாத்தி மண்ணைவிட நல்ல மண் உலகத்தில் கிடையாது. அப்படிப் பூக்கிற மண். சாப்பாட்டு டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

செடிகள் மளமளவென்று வளர்ந்தன. கண்ணாடியில் பாசியும் பிடித்தது. பாசியைத் தின்பதற்காக எல்லப்பன் சிவப்பான குட்டி இறால்கள் கொடுத்தார். விட்ட கொஞ்ச நேரத்தில் அவை பித்துப் பிடித்த மாதிரி சுற்றிச் சுற்றி நீந்தின. பிறகு மல்லாந்து விழுந்து காலை உதறின. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

போனில் விஷயத்தைக் கேட்ட எல்லப்பன், என்ன மண் என்றுதான் முதலில் கேட்டார். ரோஜா பாத்தி மண் என்று அக்கா சொன்னதும் அவருக்கு விளங்கிவிட்டது.

"அதுல மருந்து ஊறிப் போயிருக்கும்மா. எறாலும் பூச்சி ஜாதிதான். பூச்சிக்கு அடிக்கறது அதையும் கொல்லும்."

மாமா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, கடை மண், புது மணல், புதுச் செடி என்று முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை எல்லாம் அவர் கையாலேயே செய்தார். சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே இறால்களையும் விட்டார். அவை பாசியைக் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தன. அக்கா அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவர் ஒரு செடி பிடுங்கிக்கொண்டு மேலே மிதப்பதைப் பார்த்திருக்கிறார். கையை உள்ளே விட்டு அதை மணலில் அழுத்தி நட்டார். உலை கொதிப்பதற்குள் இறால்கள் பித்துப் பிடித்த மாதிரி சுற்றத் தொடங்கிவிட்டன.

பில்டரில் ஏதோ கோளாறு என்றார் மாமா. அக்கா தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பண்ணையில் பூக்கட்டும் ஷெட்டில் கையுறை கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு ரப்பர் பேண்டு மாட்ட வராது. கட்டு எண்ணிக்கை குறைந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். அதனால் எல்லாப் பெண்களும் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். மருந்தடித்த இலையும் காம்பும் நாள் முழுக்க வெறுங்கையில்.

அடுத்த சம்பவத்தில் நானும் இருந்தேன். அக்கா வேலையிலிருந்து வந்ததும் இரண்டு கிண்ணங்களில் தண்ணீர் வைத்தார். எல்லப்பன் கடையிலிருந்து மாமா வாங்கி வைத்திருந்த இறால்களை என்னைப் பாதிப் பாதியாக விடச் சொன்னார். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு ஒரு கிண்ணத்தில் மட்டும் விரல்களை முக்கி எடுத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"நீயே பாரு. என்னால பாக்க முடியாது."

நான் பார்த்தேன். அக்கா விரல் முக்கிய கிண்ணத்தில் மட்டும் இறால்கள் சுற்றத் தொடங்கின. "நீங்க கை வச்சதுல மட்டுந்தாங்க்கா" என்றேன். அவர் கை தானாக வயிற்றுக்குப் போனது. பாதியில் நிறுத்தி, அது யாருடைய கையோ என்பதுபோல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மாமா லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எங்கே வேலை செய்கிறேன் என்று அக்கா அங்கே சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை யாரும் கேட்கவில்லை. ஸ்கேனில் குழந்தை நன்றாக இருக்கிறது, அந்த வேலைக்கு இனிமேல் போகாதே என்றார் டாக்டர். போன தடவை கலைந்ததற்கு இதுதான் காரணமா என்று அக்கா கேட்டார். அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. ஆமாம் என்றிருந்தால்கூட அழுது முடித்திருப்பேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். வேலையிலிருந்து நின்றுகொள், குழந்தை பிறந்த பிறகு வா என்று அவர் நல்லபடியாகத்தான் பேசினார். ஆனால் வைப்பதற்கு முன், "இத வேன்ல வர்ற பொம்பளைங்க கிட்ட எல்லாம் சொல்லிட்டுத் திரியாத, மாதேஸ்வரி" என்றார். குரலை உயர்த்தவில்லை. அப்படிச் சொன்னதுதான் அக்காவுக்குத் திகிலாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் அக்கா சாப்பாட்டுப் பை இல்லாமல் வேன் நிற்கும் இடத்துக்கு வந்தார். துணைக்கு நானும் போனேன். உடன் வேலை செய்யும் கெம்பம்மா அங்கே நின்றிருந்தார். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருபவர். அக்கா சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மீனு செத்துச்சுன்னு யாராச்சும் வேலைய விடுவாங்களா அக்கா? நீ ஒருத்தி!"

"மீனில்ல, எறாலு. நீ வீட்டுக்குப் போனதும் பாப்பாவத் தூக்கறதுக்கு மின்ன கை கழுவறயா?"

"கழுவாம? சோப்புப் போட்டுத்தான் கழுவறேன்."

"நானும் சோப்புப் போட்டுத்தான் கழுவனேன் கெம்பி."

கெம்பம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். கெம்பம்மா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அக்கா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். சூப்பர்வைசர் சொன்னதைத்தான் நினைத்திருப்பார். வேன் நகர்ந்தது. உள்ளே கெம்பம்மா மற்ற பெண்கள் பக்கம் திரும்பி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவர்களிடம் காட்டியது மட்டும் தெரிந்தது.